பெயர், வயது, தெரு

இரண்டாவது அடியில் பல் தெறித்தது. முதல் அடி தோளில்தான் விழுந்தது. அவன் குனிந்து நிமிர்வதற்குள் சைக்கிள் சங்கிலி மறுபடி சுழன்று வந்து வாயோடு விழுந்தது. எண்பத்தாறாம் வருடம், அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம், பிரெஞ்சுத் தலைநகரில் ரூ பெர்தொனே என்ற தெரு. மூன்று பேர். இரண்டு பேர் அவன் கைகளைப் பின்னால் முறுக்கிப் பிடித்திருந்தார்கள், ஒருவன் அடித்தான். அடித்தவன் நல்ல உயரம், மீசை இல்லை, இடது புருவத்தை இரண்டாக வெட்டிய ஒரு தழும்பு. இதையெல்லாம் நான் எழுதிக்கொண்டிருந்தேன். கண்ணெதிரே ஒரு மனிதனை அடித்து நொறுக்குகிறார்கள், நான் கலாவதி அக்கா கடை வாசலில் வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் நின்று குறிப்பெடுக்கிறேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

கீழே விழுந்தவனை விலாவில் உதைத்தான். "ஒட்டுவியோ? இனி ஒட்டுவியோடா?" என்று ஒவ்வொரு உதைக்கும் கேட்டான். கடைச் சுவரில் அரை மணி நேரத்துக்கு முன்புதான் அடிபட்ட பையன் ஓர் அஞ்சலி நோட்டீஸ் ஒட்டியிருந்தான். யாழ்ப்பாணத்தில் கொல்லப்பட்ட தன் அண்ணனின் படம், கீழே கொன்ற இயக்கத்தின் பெயர். அடித்தவர்கள் அந்த இயக்கத்து ஆட்கள். உயரமானவன் நோட்டீசைக் கிழித்து உருட்டி, இரத்தம் வழிகிற வாய்க்குள் விரல்களால் திணித்தான். தெருவில் முப்பது பேராவது இருந்திருப்பார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கறிவேப்பிலை வாங்க வந்த ஒரு பெண் தன் மகளின் முகத்தை வயிற்றோடு அழுத்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். தலை சாலையோரக் கல்லில் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. அதையும் எழுதினேன்.

நான் புதுச்சேரிக்காரி. பெயர் செசில், அப்போது இருபத்துநாலு வயது. பகலில் தபால் நிலையக் கவுண்டரில் முத்திரை குத்துவேன். செவ்வாய், வியாழன் மாலை ஆறு மணிக்குக் கால்வாய்ப் பக்கத்தில் இருந்த ஒரு வட்டாரக் கல்லூரியில் தகவல் தொடர்பும் இதழியலும் படித்தேன். வேலைக்குப் போகிறவர்களுக்கான வகுப்பு. ஆசிரியை ஜெனவியேவ் இருபது வருடம் பத்திரிகையில் இருந்தவர். பெயரடைகளைக் கண்டால் அவருக்கு ஆகாது. "பாவம், கொடூரம், இதெல்லாம் வேண்டாம். பெயர், வயது, தெரு, நேரம். பெயர் இல்லாவிட்டால் அது செய்தி இல்லை, வம்பு" என்பார். பெயரைப் போடுவதற்கு இரண்டு ஆதாரம் வேண்டும், அதில் ஒன்று காகிதமாக இருக்க வேண்டும், அதுவும் அவர் சட்டம். அந்த வருடம் வகுப்பில் மிகச் சிறந்த செய்தியை எழுதுகிறவருக்கு ஒரு வட்டார வாரப் பத்திரிகையில் மூன்று மாதப் பயிற்சி. எனக்கு அது வேண்டும். முத்திரை குத்திக் குத்தியே கிழவியாகிவிடுவேனோ என்ற பயம் எனக்கு ராத்திரி பகலாக இருந்தது. ஜெனவியேவ் என்னை அழைத்து, "லா ஷபேல் தமிழர் தெருக்களில் என்ன நடக்கிறதென்று இந்த ஊரில் ஒரு பத்திரிகைக்கும் தெரியாது. உனக்கு அந்த மொழி தெரியும். போ" என்றார். போனேன்.

அடித்தவன் ஓடவில்லை. அதுதான் என்னை ஆச்சரியப்படுத்தியது. ஒரு தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் இருந்த வாளித் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு, வேலைக்கு நேரமாகிவிட்டது என்பதுபோல் நடந்தான். பின்னாலேயே போனேன். கார் து நோர் ரயில் நிலையத்துக்கு எதிரே ஓர் உணவகத்தின் பின்கதவால் உள்ளே நுழைந்தான். அங்கே பாத்திரம் கழுவுகிறான் போலிருக்கிறது.

திரும்பி வந்து கலாவதி அக்காவிடம் கேட்டேன். "எனக்கு ஒருத்தரையும் தெரியாது பிள்ளை. நான் கடைக்குள்ளை நிண்டனான்" என்றார். வாசலில் எனக்குப் பக்கத்தில் நின்றவர்! அடிபட்டவன் பெயர் மடுத்தீன் என்பது மட்டும் அவர் வாயிலிருந்து நழுவியது. எனக்குக் கோபம் வந்தது. இந்த யாழ்ப்பாணத்து ஆட்களே இப்படித்தான், வாயில் பூட்டு என்று நினைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை மதியம் தபால் சீருடையோடு அந்த உணவகத்துக்குப் போனேன். "பதிவுத் தபால் ஒன்று இருக்கிறது. உயரமான ஆள், புருவத்தில் தழும்பு, பெயர் சரிபார்க்க வேண்டும்" என்று துணிந்து ஒரு பொய் சொன்னேன். மேலாளர் பேரேட்டைத் திறந்து காட்டினார். யோகநாதன். பிறந்த தேதி, ரூ து ஃபொபூர் சேன்-தெனியில் முகவரி. கூடவே வதிவிட அட்டையின் நகல். நகலில் முகம் கரிக்கட்டையாக இருந்தது. அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. எங்கள் வீட்டில் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். எல்லோருக்கும் பெயர், பிறந்த தேதி, முத்திரை எல்லாம் பிறந்ததிலிருந்தே ஒழுங்காக இருந்தது. ஒரு காகிதத்தில் இருக்கிற பெயர் அதை வைத்திருக்கிறவனுடையது இல்லாமல் போகலாம் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

நேரில் பார்த்தது ஓர் ஆதாரம், காகிதம் இன்னொன்று. "நிச்சயமா?" என்று ஜெனவியேவ் கேட்டார். "நிச்சயம்" என்றேன். அவர் அதை அந்த வாரப் பத்திரிகைக்குக் கொடுத்தார், வியாழக்கிழமை ஐந்தாம் பக்கத்தில் இருபத்திரண்டு வரி வந்தது. அடித்தவர் யோகநாதன், 29, உணவக ஊழியர், இந்தத் தெரு. அடியில் என் பெயர். ஆறு பிரதி வாங்கினேன்.

சனிக்கிழமை கடைக்குப் போனபோது கலாவதி அக்கா எனக்கு வணக்கம் சொல்லவில்லை. வெண்டைக்காயைத் தராசில் கொட்டிக்கொண்டே பேசினார்.

"நீர் படிச்ச பிள்ளையெல்லே? பேப்பரிலை பேர் போட முதல் என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டேனே அக்கா. நீங்கதான் தெரியாதுன்னு சொன்னீங்க."

"அப்ப தெரியாதெண்டு விட்டிருக்க வேணும்." தராசை ஓங்கி வைத்தார். "மடுத்தீன்ரை ஆக்கள் நேற்று யோகநாதன் வீட்டுக்குப் போனவங்கள். இரும்புக் குழாயாலை கையை உடைச்சுப் போட்டாங்கள்."

உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். நன்றாக வேண்டும் என்றுதான் நினைத்தேன். அடுத்து, இது இரண்டாவது செய்தி என்று நினைத்தேன். எந்த மருத்துவமனை என்று கேட்டுக்கொண்டு, புதுப் பேனா ஒன்றும் வாங்கிக்கொண்டு போனேன்.

கட்டிலில் இருந்தவர் வேறு ஆள். குள்ளமாக, வட்ட முகம், முன் தலையில் முடி குறைந்து, இருபத்தொன்பதுக்குப் பத்து வயது கூடத் தெரிந்தார். புருவங்கள் இரண்டும் முழுசாக இருந்தன. வலது கை முழங்கை வரை கட்டுக்குள் இருந்தது. கட்டுக்கு வெளியே தெரிந்த விரல் நுனிகள் நாவற்பழ நிறத்தில் வீங்கியிருந்தன. கட்டில் தலைமாட்டில் மாட்டியிருந்த சீட்டில் யோகநாதன் என்று எழுதியிருந்தது. அந்தச் சீட்டை இரண்டு தடவை படித்தேன்.

"நீங்களோ எழுதினது?" என்று என் கையிலிருந்த குறிப்பேட்டைப் பார்த்துக் கேட்டார். கோபமே இல்லாத குரல். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நீங்க அடிக்கலியே. நான் பார்த்த ஆள் நீங்க இல்லியே."

அவர் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார். அங்கே ஒரு வயதான பிரெஞ்சுக்காரர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகுதான் சொன்னார். அடித்தவன் இராஜேந்திரன், அவருடைய தம்பி. இரண்டு வருடத்துக்கு முன்னால் வந்தவன். அகதி விண்ணப்பம் தள்ளுபடியாகிவிட்டது, ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அண்ணன் வீட்டிலேயே தையல் இயந்திரம் வைத்து ஒரு துணிக்கடைக்குச் சட்டைகள் தைக்கிறார். அந்த வேலைக்கு யாரும் அட்டை கேட்பதில்லை. ஆகவே அட்டையைத் தம்பிக்குக் கொடுத்தார். தம்பி அந்த உணவகத்தில் யோகநாதன் ஆனான். நாலில் ஒரு வீட்டில் இப்படித்தானாம். எனக்குத்தான் தெரியவில்லை.

"கதவைத் தட்டி, நீயோ யோகநாதன் எண்டு கேட்டாங்கள். ஓம் எண்டனான். என்ரை பேர்தானே, தங்கச்சி."

"தம்பிதான்னு சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா அவனை உயிரோடை விடுவாங்களே?" அவர் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். "மேசையிலை வைக்கச் சொன்னாங்கள். தையல் மெசின் இருக்கிற மேசை. ஒவ்வொரு விரலா உடைச்சாங்கள். அஞ்சாவதுக்கு எனக்கு நினைவில்லை. போகேக்கை, இது கைக்கு, மடுத்தீன் செத்தா மிச்சத்துக்கு வாறம் எண்டாங்கள்."

மடுத்தீன் ஒரு வாரமாகக் கண் திறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். என் குறிப்பேட்டில் அதுவும் இருந்தது. "நான் திருத்தம் எழுதறேங்க. அடிச்சது நீங்க இல்லன்னு, அடுத்த வியாழக்கிழமையே" என்றேன். அவர் நல்ல கையால் என் கையைப் பிடித்துவிட்டார். பிடி வலித்தது.

"வேண்டாம். அவன்தான் அடிச்சவன் எண்டு எழுதினா அவன் செத்தான். நான் இல்லை, அந்தச் சாப்பாட்டுக் கடையிலை வேலை செய்யிறவன் யோகநாதனே இல்லை எண்டு எழுதினா என்ரை வதிவிட காட் போச்சு. ரெண்டு பேரையும் பிளேனிலை ஏத்திப்போடுவாங்கள். கை ஆறும். காட் போனா ஆறாது." அந்த மாதம்தான் ஒரு விமானம் நிறைய மாலி நாட்டுக்காரர்களை ஏற்றித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். நிலையத்தில் கறுப்புத் தோலைக் கண்டால் போலீஸ் காகிதம் கேட்டது. எனக்கு அதுவரை அதுவும் ஒரு செய்தி மட்டுமே.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் ஜெனவியேவிடம் தவறு நடந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. கையிலிருந்த சிகரெட்டை ஜன்னல் விளிம்பில் நசுக்கினார். "தவறு எல்லோருக்கும் நடக்கும். திருத்தம் போடாதது தவறு இல்லை, அயோக்கியத்தனம். அதே பக்கம், அதே அளவு எழுத்து, சரியான பெயர். புதன் மாலை ஏழு மணிக்குள் கொடு." சரியான பெயர் எனக்குத் தெரியும் என்று என் முகத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. "பெயர் தெரிந்தும் மறைத்தால் உனக்குப் பயிற்சியும் இல்லை, இந்த வகுப்பும் இல்லை. போலீஸும் உன்னைத் தேடி எனக்குத் தொலைபேசி எடுத்துவிட்டது." அன்று இரவு நாலு திருத்தம் எழுதினேன். ஒவ்வொன்றிலும் ஒருவன் செத்தான். நாலையும் கிழித்துப் போட்டுவிட்டு, முட்டாள் கழுதை என்று என்னையே திட்டிக்கொண்டு அழுதேன்.

புதன் மதியம் கலாவதி அக்கா தபால் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தார். "ஒருக்கா கடைக்கு வந்திட்டுப் போ பிள்ளை." அவ்வளவுதான். ரூ பெர்தொனேயில் வெயில் அடித்தது. கடையின் பின்னறைக்குள் என்னைப் போகச் சொன்னார். உள்ளே கால் வைத்ததும் என் தலைமயிரை ஒரு கை கொத்தாகப் பிடித்தது. அரிசி மூட்டை அடுக்கியிருந்த இரும்புத் தட்டில் என் முகம் மோதியது. உதடு கிழிந்தது. இரண்டாம் முறை மோதியபோது கண்ணுக்குள் வெள்ளையாக ஒன்று வெடித்தது. திரும்பிப் பார்த்தால் வெட்டுண்ட புருவம்.

"என்ரை அண்ணேன்ரை பேரை ஆர் உனக்குத் தந்தது? ஆர் தந்தது?"

"காகிதத்துல இருந்துச்சு" என்றேன். வாயெல்லாம் உப்பு.

"காகிதத்திலையோ!" அவன் சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு அடியே தேவலை. "ஒரு காகிதத்தைப் பார்த்து அவன்ரை கையை முறிச்சுப் போட்டியே. அவன் ஒரு எறும்பைக்கூட மிதியான்."

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. "நீங்க முறிச்சது மட்டும் சரியா? அந்தப் பையன் அண்ணன் படத்தைத்தானே ஒட்டினான்? அதையும் அவன் வாயிலேயே திணிச்சீங்களே, நான் பார்த்தேன்!" என்று கத்தினேன். அவன் கை ஓங்கியது. ஓங்கிய இடத்திலேயே நின்றது. கலாவதி அக்கா எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்று அவன் மார்பில் இரண்டு கையாலும் தள்ளினார்.

"அடிச்சது போதும்! மடுத்தீன் இண்டைக்குக் காலமை செத்துப்போனான், தெரியுமே? இன்னும் ஆரைக் கொல்லப்போறாய்?"

எனக்கு அது புதுச் செய்தி. அவனுக்கு இல்லை என்று அவன் கண்ணைப் பார்த்ததும் தெரிந்தது. கை தானாகக் கீழே விழுந்தது. உருளைக்கிழங்குப் பெட்டி ஒன்றில் உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்த பிறகு அவன் அவ்வளவு பெரிய ஆளாகத் தெரியவில்லை. அவன் மேல் எனக்கு இரக்கம் வரவில்லை, வந்ததாகச் சொன்னால் அது பொய். செத்துப்போனவனின் பல் தெறித்ததை நான் கண்ணால் பார்த்தவள்.

"எழுது" என்றான். "இராஜேந்திரன். இருபத்தாறு வயசு. ரூ து ஃபொபூர் சேன்-தெனி, அண்ணேன்ரை வீடுதான். இயக்கம் சொல்லி அடிச்சது எண்டு வேண்டாம். நான் அடிச்சது எண்டு எழுது. அவனைப் பிடிச்சிருந்த ரெண்டு பேரையும் விடு."

பெயர், வயது, தெரு. இந்த மூன்றையும் நான் ஒருவரிடமிருந்தும் இவ்வளவு சுலபமாக வாங்கியதில்லை. குறிப்பேடு என் பையில்தான் இருந்தது. என் விரல் அதன் மேல் போய்விட்டுத் திரும்பியது.

"உங்க அண்ணன் எழுத வேணாம்னாரு. எழுதினா உங்களைக் கொன்னுடுவாங்கன்னாரு. அவருக்காகத்தான் எழுதாம இருக்கேன், உங்களுக்காக இல்ல."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அண்ணன் அப்படிச் சொன்னது அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. பிறகு, "எழுதினா பேப்பர் எப்ப வரும்?" என்று கேட்டான்.

"நாளைக்குக் காலையில."

"இண்டைக்குப் பின்னேரம் ஆஸ்பத்திரியிலை ஆக்களைப் பார்க்க விடுற நேரம் எத்தினை மணி?"

"நாலுக்கு மேலை" என்றார் கலாவதி அக்கா. சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார். சுவர்க் கடிகாரத்தில் மூன்றரை. எதிரே இருந்த தேநீர்க் கடையில் காலையிலிருந்து, மிச்சத்துக்கு வருவதாகச் சொல்லிப் போன மடுத்தீனின் ஆட்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். பின்னறைக் கதவிடுக்கில் கடை வாசலைத் தாண்டிப் பார்த்தால் அவர்கள் முதுகு தெரிந்தது. அச்சில் ஏறுகிற எந்தத் திருத்தமும் அவர்களை அந்த நாலு மணிக்கு முன்னால் போய்ச் சேரப்போவதில்லை. இதைப் புரிந்துகொள்ள அவனுக்கு இதழியல் வகுப்பு தேவைப்படவில்லை.

எழுந்தான். போட்டிருந்த கோட்டைக் கழற்றினான். சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு, கை நீளம் அவனுக்குப் போதாது. அதை மடித்தான். அவசரமே இல்லாமல், தோளோடு தோள் சேர்த்து, துணிக்கடையில் மடிப்பதுபோல் மடித்து என்னிடம் நீட்டினான்.

"இது அண்ணேன்ரை. கிழியக்கூடாது. உள்பொக்கற்றிலை காட் கிடக்கு, கவனம். அவனட்டைக் குடுத்திடு."

"எங்க போறீங்க? போலீசுக்குப் போங்க. நான் கூட வர்றேன்."

"போலீசுக்கு நான் ஆர் எண்டு சொல்லுறது? இப்ப என்னட்டை ஒரு காகிதமும் இல்லையே." அதில் கிண்டல் இருந்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. என் உதட்டைப் பார்த்தான். கலாவதி அக்கா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். "விசர் வேலை பாக்காதை தம்பி, பின்பக்கத்தாலை போ" என்று அழுதார். அவன் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு வாசல் பக்கமாகவே நடந்தான்.

தெருவின் நடுவில் போய் நின்றான். ஒரு கார் அவனுக்காகப் பிரேக் போட்டு ஹாரன் அடித்தது. அவன் நகரவில்லை. "இராஜேந்திரன்!" என்று கத்தினான். குரல் முதலில் பிசிறியது. "மடுத்தீனை அடிச்சது இராஜேந்திரன்! யோகநாதன் இல்லை, நான்! அவன்ரை தம்பி!" நகைக்கடையிலிருந்து இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். கார்க்காரன் கண்ணாடியை இறக்கி பிரெஞ்சில் திட்டினான். இந்த நாட்டுக்கு வந்த இரண்டு வருடத்தில் அவன் தன் பெயரைத் தெருவில் சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்கும். தேநீர்க் கடையிலிருந்து நாலு பேர் வெளியே வந்தார்கள். கடைசியாக வந்தவன் உள்ளே திரும்பிப் போய் எதையோ எடுத்துக்கொண்டு வந்தான்.

நான் வாசல் வரை ஓடினேன். கலாவதி அக்கா பின்னாலிருந்து என் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அவர் நெஞ்சு அடித்துக்கொள்வது என் முதுகில் தெரிந்தது. முன்னால் நாலு முதுகுகள். அவற்றுக்கு நடுவிலிருந்து அவன் பெயர் இன்னொரு முறை கேட்டது, நாலு பேருக்கும் நன்றாகப் புரியட்டும் என்பதுபோல் நிதானமாக. மூன்றாவது முறை பாதிதான் கேட்டது. என் கையில் கோட்டு இன்னும் சூடாக இருந்தது.